பக்கத்து சீட்டுக்கு வேறு நேரத்தில் பிரேக்

"ரொம்பத் தனியா இருக்கற மாதிரி இருக்கு" என்று யாரிடமாவது வாய் திறந்து சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்கும் முன்பே பதில் வந்து விழும். "காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணு." "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போ, மனசு லேசாகும்." "யோகா கிளாஸ்ல சேரு." "போனை நோண்டறதை நிறுத்து." "வேலை கம்மியா இருக்கு போல, அதான் இப்படியெல்லாம் யோசிக்கத் தோணுது." எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் அதிகமாகத் தெரிகிறது, அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. கேட்பதற்குப் பத்து நிமிஷம் ஆகும். புத்தி சொல்ல அரை நிமிஷம் போதும்.

இந்தப் புத்திமதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தீர்ப்புதான்: குறை உன்னிடம் இருக்கிறது, உனக்குப் பழகத் தெரியவில்லை. எனக்கு ஆற்றாமை பொங்குவது அங்கேதான். நான் பழகத் தெரியாதவள் இல்லை. தென்காசிப் பக்கம் நான் வளர்ந்த தெருவில் நான் நுழையாத வீடு கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பீடி சுற்றுகிற அக்காமார் நடுவில் போய்த்தான் உட்காருவேன். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அந்தக் கூலியும் அந்த இருமலும் யாருக்கும் வரக்கூடாது. அது நல்ல வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வேலை ஒருத்தியை இன்னொருத்தியிடமிருந்து பிரிக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்பதும், புருஷன் குடித்துவிட்டு வந்தான் என்பதும், சங்கத்தில் கடன் கிடைக்குமா என்பதும் அந்தத் தட்டுகளைச் சுற்றித்தான் பேசித் தீரும்.

இப்போது என் நாளைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வாய்ஸ் பிராசஸ் வேலை. அமெரிக்க கிளையன்ட். சாயங்காலம் ஆறரைக்கு லாகின், விடியற்காலை மூன்றரைக்கு லாக்-அவுட். ராத்திரி முழுக்கப் பேசுவதுதான் தொழில். ஒரு கால் முடிந்ததும் அடுத்த கால் தானாகக் காதில் வந்து விழும். எதிரில் இருப்பவர் பெயரைத் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும், நலமா என்று கேட்க வேண்டும், அவர் கோபப்பட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டும், குறித்த நிமிஷத்துக்குள் முடிக்கவும் வேண்டும். எல்லாம் பதிவாகும், குவாலிட்டி டீம் கேட்டு மதிப்பெண் போடும். இத்தனை பேச்சில் என் வாயிலிருந்து எனக்காக வந்த வார்த்தை ஒன்றுகூட இருக்காது. அத்தனை பேரோடும் பேசிவிட்டு விடியற்காலையில் வெளியே வரும்போது, யாரோடும் பேசாத மாதிரி தொண்டை மட்டும் வறண்டிருக்கும்.

சரி, பிரேக்கில் பேசலாமே? பதினைந்து நிமிஷம் இரண்டு, சாப்பாட்டுக்கு அரைமணி. ஆனால் அந்த நேரத்தை நாங்கள் தீர்மானிப்பதில்லை. அதற்கென்று தனி டீம் இருக்கிறது. எந்த நிமிஷத்திலும் ஃப்ளோரில் ஆள் குறையக்கூடாது என்பதால், பக்கத்துப் பக்கத்து சீட்டுகளுக்கு வேறு வேறு நேரத்தில் பிரேக் போடுவார்கள். என் பக்கத்தில் உட்காருகிற பெண் விழுப்புரத்துக்காரி. அவளுக்கு ஒன்பதரை என்றால் எனக்குப் பத்து மணி. அவள் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வரும்போது நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன். வழியில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அவள் ஒருநாள் கண் வீங்கி வந்து உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் காதில் கால் விழுந்துவிட்டது. அந்தக் கால் முடிந்து அவளைப் பார்த்தபோது அவள் வேறு யாரிடமோ நலமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிரேக்கை மாற்றிக் கொடுங்கள் என்று டீம் லீடிடம் கேட்டோம். "ஷெட்யூல் அட்ஹியரன்ஸ் அடி வாங்கும்மா, என் கையில இல்ல" என்றார். போட்ட நேரப்படி சீட்டில் இருந்தோமா என்கிற கணக்குதான் அந்த அட்ஹியரன்ஸ். அவர் கையில் இல்லை என்பது உண்மைதான். பின்னே யார் கையில்தான் இருக்கிறது?

வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இந்த மாதம் செவ்வாய், புதன் என்றால் அடுத்த மாதம் வேறு. ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாம் என் லீவுக்குக் காத்திருக்காது. பொங்கலுக்கு லீவு கேட்டால் "கிளையன்ட் காலண்டர்ல இல்லையே" என்கிறார்கள். அந்தக் காலண்டரில் இருப்பது நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, தேங்ஸ்கிவிங். அங்கே குடும்பம் மொத்தமும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அன்றைக்கு எனக்கு லீவு. அந்த லீவில் ஊருக்குப் போனால் அப்பா வேலைக்குப் போயிருப்பார், தம்பி கல்லூரிக்குப் போயிருப்பான். ஆகவே நான் தங்கியிருக்கிற பிஜி விடுதியிலேயே துணி துவைத்துக்கொண்டிருப்பேன்.

பிஜியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். த்ரீ ஷேரிங். மூன்று கட்டில், மூன்று அலமாரி, ஒரு பாத்ரூம். மூன்று பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள், அப்புறம் என்ன தனிமை என்று கேட்பார்கள். மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். எப்போது பார்த்தாலும் ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். அதனால் விளக்கு போடக்கூடாது, போன் பேசக்கூடாது, பாலிதீன் கவரைக்கூடச் சத்தம் வராமல் பிரிக்க வேண்டும். ஒருத்தி தூக்கத்தை இன்னொருத்தி கெடுக்கக்கூடாது என்கிற நல்ல எண்ணத்திலேயே நாங்கள் பேசாமல் பழகிவிட்டோம். எனக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளின் செருப்பு தெரியும், ஷாம்பூ தெரியும், அலாரம் சத்தம் தெரியும். அவளுடைய அப்பா என்ன செய்கிறார் என்று தெரியாது.

வாசலில் ஒரு போர்டு: விசிட்டர்களுக்கு அனுமதி இல்லை. அம்மா ஒருமுறை முறுக்கும் பருப்புப் பொடியும் எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி வந்தாள். மேலே விடவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். தனியாக ஒரு வீடு எடுத்துக்கொள்ளலாம் என்று தேடினால், "ஃபேமிலிக்குத்தான் குடுப்போம்" என்று கதவை மூடுகிறார்கள். தோழியைக் கூட்டிக்கொண்டு வெளியே எங்காவது உட்காரலாம் என்றால், காசு கொடுக்காமல் உட்கார இந்தச் சாலையில் எங்கே இடம் இருக்கிறது? மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டதில் நடக்கவே வழியில்லை. டீக்கடையில் நின்றுகொண்டு குடித்துவிட்டு நகர வேண்டும். எனக்கு ஓய்வு கிடைக்கிற நேரத்தில் மெரினாவுக்குப் போனால் போலீஸ்காரர் எழுப்பி அனுப்பிவிடுவார். எல்லா வாசலையும் அடைத்துவிட்டு, நீ ஏன் நாலு பேரோடு பழக மாட்டேன் என்கிறாய் என்று கேட்பது என்ன நியாயம்?

மத்தியானம் இரண்டு மணிக்கு நான் எழுந்திருக்கும் நேரம் பார்த்து அம்மா கூப்பிடுவாள். "ஏட்டி, சாப்ட்டியா? என்ன கொழம்பு?" நான் சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு ஹெட்செட் என்றால் என்ன, அட்ஹியரன்ஸ் என்றால் என்ன என்று எங்கிருந்து ஆரம்பிப்பது? அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் ஒருத்திதான் தினமும் கேட்கிறாள்.

இந்தத் தனிமை வெறும் மனக்குறை, தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது உடம்பில் இறங்குகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் காசியோப்போ என்று ஓர் ஆய்வாளர் இருந்தார். தனிமையைப் பல வருஷம் ஆராய்ந்தவர். 2018-ல் காலமானார். பசியும் தாகமும் எப்படி உடம்பு விடுக்கிற எச்சரிக்கையோ, தனிமை உணர்வும் அப்படி ஓர் எச்சரிக்கைதான் என்பது அவர் சொன்னது. உனக்கு மனிதர்கள் வேண்டும், தேடு என்கிற எச்சரிக்கை. அது தீராமல் நீடித்தால், ஆள் மெல்ல மெல்ல உஷாராகிவிடுகிறார். தூக்கம் ஆழமாக வருவதில்லை, நடுநடுவே விழிப்பு. யாராவது சாதாரணமாகச் சொன்ன வார்த்தைகூடக் குத்துகிறது. ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராத ஒரு வாட்ஸ்ஆப் செய்திக்கு ஆயிரம் அர்த்தம் தோன்றுகிறது. நான் அனுபவிப்பது அச்சு அசலாக இதைத்தான். அப்படி உஷாராக இருப்பவளைப் பார்த்து, "இவ யாரோடயும் ஒட்ட மாட்டா" என்று இன்னும் தள்ளி வைக்கிறார்கள். தனிமை கொண்டுவந்த குணத்தைப் பிறவிக் குணம் என்று எழுதிவிடுகிறார்கள்.

2003-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டரில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவது போல ஒரு விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இருவரும் போட்டுக்கொள்வார்கள். ஒதுக்கப்பட்டவருடைய மூளையை ஸ்கேனில் பார்த்தால், உடல்வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட பகுதி ஒன்று கிளர்ந்திருந்தது. வெறும் விளையாட்டில், முன்பின் தெரியாதவர்கள் ஒதுக்கியதற்கே அப்படி. 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய சகாக்களும் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் அவதிப்படுகிறார் என்கிறது. அதோடு தொடர்புள்ள மரணங்கள் வருஷத்துக்கு 8,71,000 என்று மதிப்பிடுகிறது.

இதையெல்லாம் சொன்னால் உடனே இன்னொரு பதில் தயாராக இருக்கும். "அது வெள்ளைக்காரங்களுக்கு. நம்ம ஊர்ல குடும்பம் இருக்கு, சொந்தம் இருக்கு, இதெல்லாம் வராது." அதே அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வருமானம் குறைந்த நாடுகளில்தான் தனிமை அதிகம், சுமார் 24 சதவீதம். பணக்கார நாடுகளில் சுமார் 11. வயதானவர்கள்தான் தனிமையில் வாடுகிறார்கள் என்று நினைக்கிறோம். பதின்வயதினரும் இருபதுகளில் இருப்பவர்களும்தான் அதிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பம் இருக்கிறது, சொந்தம் இருக்கிறது என்பதெல்லாம் சரி. அந்தக் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது, நான் எந்த ஊரில் எந்த நேரத்தில் விழித்திருக்கிறேன் என்பதை யார் பார்ப்பது?

வயதானவர்களுக்கு இல்லை என்றும் சொல்ல மாட்டேன். என் பெரியம்மா திருநெல்வேலியில் தனியாக இருக்கிறாள். மகன் அமெரிக்காவில். பாதுகாப்புக்கு என்று ஹாலில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறான். அவன் பாசக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கேமராவுக்காகப் பெரியம்மா நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டுதான் ஹாலுக்கு வருகிறாள். சில நாள் சுவரிலிருந்து குரல் வரும்: "அம்மா, ஏன் இன்னும் மாத்திரை போடல?" போட்டதும் குரல் நின்றுவிடும். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். பேசத்தான் அவனுக்கு நேரமில்ல" என்றாள் என்னிடம். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கேட்டில் ஒடிசாக்காரர் ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். தினமும் நூற்றுக்கணக்கான பேருக்குக் கேட்டைத் திறந்துவிடுகிறார். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் "செக்யூரிட்டி".

கல்யாணம் செய்துகொள் என்கிறார்களே, என் டீமில் கல்யாணமானவள் இருக்கிறாள். அவள் கணவருக்கு காலை ஷிஃப்ட். அவர் கிளம்பும்போது இவள் தூங்குகிறாள், அவர் திரும்பும்போது இவள் கேப்பில் இருக்கிறாள். பால் வாங்கியாயிற்று, கேஸ் வரும், இஎம்ஐ கட்டியாயிற்று என்று வாட்ஸ்ஆப்பில்தான் குடித்தனம் நடக்கிறது. "வீட்ல ஆள் இருந்தும் இப்படி இருக்கறத யார்கிட்ட சொல்ல முடியும்?" என்று கேட்டாள். தாலி கட்டிவிட்டால் தனிமை தீர்ந்துவிடும் என்கிறவர்கள் அவளுக்குப் பதில் சொல்லட்டும்.

அக்டோபர் 10 வந்துவிட்டால் எங்கள் நிறுவனத்தில் உலக மனநல நாள் கொண்டாடுவார்கள். மெயில் வரும். கையில் வைத்துப் பிசைய ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். மத்தியானம் மன அழுத்தம் பற்றி ஒரு வெபினார், நாங்கள் தூங்குகிற நேரத்தில். பேச வந்தவர் நல்லவர், நல்லதைத்தான் சொன்னார்: மனம் விட்டுப் பேசுங்கள், சக ஊழியரோடு நேரம் செலவிடுங்கள் என்றார். அவரை அழைத்த அதே நிறுவனம்தான் நான் பாத்ரூம் போகிற நிமிஷத்தையும் கணக்கில் வைக்கிறது. ஒரு கையால் பேசு என்று சொல்லி, இன்னொரு கையால் பேசுகிற நேரத்தை எடுத்துக்கொண்டால் எப்படி?

கவுன்சிலிங்கையோ மருத்துவத்தையோ நான் குறை சொல்லவில்லை. நாளெல்லாம் மனம் சோர்ந்து, தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கண்டிப்பாக மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ராத்திரி ஷிஃப்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இவையெல்லாம் வருவதற்கு முன்பு, 2015-16-ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றும் தெரியவந்தது. "பைத்தியமா உனக்கு?" என்று கேட்கிற வாய்கள் இருக்கும்வரை எப்படி வருவார்கள்?

ஆனால் நோய் ஆகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதுகிற டாக்டரால் என் பிரேக் நேரத்தை மாற்றி எழுத முடியாது. என் பிஜி போர்டைக் கழற்ற முடியாது. பொங்கலுக்கு என்னை ஊருக்கு அனுப்ப முடியாது. அதைச் செய்ய வேண்டியவர்கள் வேறு ஆட்கள். தனிமை மனத்துக்குள் முளைத்தது என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கெல்லாம் வசதி. எல்லாரும் நழுவிவிடலாம், நான் மட்டும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. பிஜி நடத்துகிறவர்கள், கீழே ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் போட்டு, தூங்குகிறவளை எழுப்பாமல் மற்றவர்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் கொடுங்கள். ஊரிலிருந்து வருகிற அம்மாக்களை ஒரு மணி நேரமாவது மேலே விடுங்கள். ஆயிரக்கணக்கான பேரை இந்தச் சாலைக்கு வேலைக்கு வரவழைத்தவர்கள், காசு கேட்காமல் உட்கார நிழலில் நாலு பெஞ்சு போடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற மகன்கள், கேமராவில் பார்க்கிற நேரத்தில் பாதியைப் போனில் பேசுவதற்குக் கொடுங்கள். சொந்தக்காரர்கள், வரன் பார்ப்பதற்கு முன்னால் என் ஷிஃப்ட் என்ன என்று ஒரு தடவை கேளுங்கள்.

கடைசியாக என் நிறுவனத்துக்கு. ஃப்ளோரில் ஆள் குறையக்கூடாது என்கிற கவலை எனக்கும் புரிகிறது. அத்தனை பேரின் பிரேக்கையும் நிமிஷம் பிசகாமல் போடத் தெரிந்த டீமுக்கு, இரண்டு இரண்டு பேராக ஒரே நேரம் போடத் தெரியாதா? தெரியும். இதுவரை யாரும் அதைச் செய்யச் சொன்னதில்லை, அவ்வளவுதான். அடுத்த மாத ரோஸ்டர் இன்னும் வரவில்லை. அதில் எனக்கும் அந்த விழுப்புரத்துப் பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு பிரேக் போடுங்கள். வெறும் அரைமணி நேரம். அந்த அரைமணியால் உங்கள் அட்ஹியரன்ஸ் எவ்வளவு விழுந்தது என்று மாதக் கடைசியில் எடுத்துக் காட்டுங்கள், நானும் பார்க்கிறேன்.